சுக்கான் பிடித்தது யார்

மே 14, திங்கள்

சலவை யந்திரம் மறுபடியும் தண்ணீரைத் தரையில் விடுகிறது. அடியில் பழைய துவாய் இரண்டைச் செருகிவிட்டுச் சிறைக்குப் போனேன்.

வழக்கு நாளை தொடங்குகிறது. அதற்கு முன் வழக்கறிஞர் ரூத் தன் கட்சிக்காரரிடம் என் மொழிபெயர்ப்பில் ஒருமுறை பேச விரும்பினாள். அவர் பெயர் சொலேமான். இந்தோனேசியாவின் ரோத்தே தீவுக்காரர். இலங்கைத் தமிழ் அகதிகளை ஏற்றிக்கொண்டு இந்த டார்வின் பக்கம் வந்த படகுக்குக் கப்டன் அவர்தான் என்பது குற்றச்சாட்டு. தான் சமையல்காரன் என்கிறார் அவர். கப்டன் என்று தீர்ந்தால் பல வருடச் சிறை. சமையல்காரன் என்று தீர்ந்தால் இதுவரை உள்ளே இருந்த காலமே போதும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

உண்மையான கப்டன் வழியிலேயே வேறொரு படகில் தாவித் திரும்பிப் போய்விட்டானாம்.

"அப்படியானால் யார் ஓட்டியது?" என்றாள் ரூத்.

"ஒரு தமிழர். ஒல்லியான ஆள். காதில் தழும்பு இருக்கும். பெயர் தெரியாது. அவர் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவருக்குத் தெரியாது. எல்லாம் கைப்பேச்சுத்தான்."

"கடற்படை ஏறியபோது சுக்கானில் இருந்தது நீங்கள்."

"அவருக்கு மூத்திரம் வந்தது. கொஞ்சம் பிடி என்று கையைக் காட்டினார். பிடித்தேன். அந்த நேரம் பார்த்து அவுஸ்திரேலியா வந்துவிட்டது."

ரூத் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அவரை நான் நம்பினேன் என்றும் சொல்ல முடியாது. இருபது வருடமாகக் குற்றவாளிக் கூண்டுக்குப் பக்கத்து நாற்காலியில் இருக்கிறேன். நான் வாயால் சொல்லாத பொய் எதுவும் பாக்கி இல்லை, அதுவும் முழுக்க "நான்", "நான்" என்று தன்மையில். பழகிவிட்டது.

மே 15, செவ்வாய்

காலையில் ஜூரி நடுவர்கள் வருவதற்கு முன் நீதிபதி அம்மையார் என்னை எழுப்பி நிறுத்தினார். சாட்சிகள் தமிழில் பேசுவார்கள். இந்தோனேசிய மொழிபெயர்ப்பாளரும் தமிழ்ப் பெயருடன் இருக்கிறாரே, ஏதாவது சிக்கல் உண்டா என்றார்.

தமிழ் என் தாய்மொழி என்றேன். இந்தோனேசியம் கான்பராவில் பல்கலைக்கழகத்தில் படித்தது, யோக்யகார்த்தாவில் பேசிப் பழகியது.

"அந்தப் படகில் வந்தவர்களில் உறவினர் யாரேனும்?"

"இல்லை."

"வேறு படகுகளில்?"

"என் தம்பி எந்தப் படகிலும் வந்து சேரவில்லை." எழுத்துக்கு எழுத்து உண்மை. நீதிபதி ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுக் குறித்துக்கொண்டார். இரு தரப்பிலும் ஆட்சேபம் இல்லை. இந்த ஊரில் இந்தோனேசியம் செய்ய வேறு இரண்டு பேர்தான் உண்டு. ஒருவருக்குக் காது மந்தம்.

என் சத்தியப் பிரமாணம் எளிமையானது. நீதிமன்றத்தில் சொல்லப்படுவது எல்லாவற்றையும் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு இந்தோனேசியத்தில் சொல்ல வேண்டும். ஆகவே முதல் சாட்சியிலிருந்தே என் வேலை முறையை வகுத்துக்கொண்டேன். சாட்சி தமிழில் சொல்லும்போதே சொலேமானின் காதில் நேராக இந்தோனேசியத்தில் சொல்லிவிடுவது. அதன் பிறகு வரும் ஆங்கிலத்தையும் சொல்வது. தமிழைப் புரிந்துகொண்டு, அது ஆங்கிலமாகி வரும்வரை புரியாதவள்போல் உட்கார்ந்திருப்பது நடிப்பு. அது எனக்கு வராது.

தமிழுக்கு மெல்பர்னிலிருந்து கோமதிநாயகம் என்பவரை வரவழைத்திருக்கிறார்கள். திருநெல்வேலிக்காரர். நல்ல குரல், மேடையில் பேசிப் பழகியவர்போல. இடைவேளையில் சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டே வந்தார்.

"மேடம் யாழ்ப்பாணங்களா?"

"கான்பராவிலிருந்து வந்தேன்."

"அது இருக்கட்டுங்க, சொந்த ஊரு?"

நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டேன். நேரம் ஆகியிருக்கவில்லை.

நீதிபதியின் தலையில் இருக்கும் பொய்முடி ஆட்டு உரோமமா என்று சொலேமான் மெல்லக் கேட்டார். குதிரை என்றேன். "பாவம் இபு, இந்தச் சூட்டிலா?" என்றார். இபு என்றால் அம்மா. அவர்கள் ஊரில் என் வயதுப் பெண் யாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

மே 16, புதன்

இன்றைய சாட்சி அன்ரன் சவிரிமுத்து. வந்து நின்றதுமே காதுத் தழும்பைப் பார்த்தேன். சொலேமான் என் முழங்கையைத் தொட்டார். "அவர்தான்."

வவுனியாவில் தையல்காரன் என்று சொன்னார். கடல் ஒன்றும் தெரியாது. பயணம் முழுவதும் அடித்தட்டில் படுத்துச் சத்தி எடுத்துக்கொண்டிருந்தார். ஓட்டியது யார் என்று அரசுத் தரப்பு கேட்டது. கையை நீட்டி சொலேமானைக் காட்டினார். காட்டிய கையை உடனே கீழே போட்டுவிட்டார்.

ஏன் அப்படிச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. படகை ஓட்டியது தான் என்று ஒப்புக்கொண்டால் அவரும் ஆள் கடத்தியவர். மனைவியும் பிள்ளைகளும் தடுப்பு முகாமில் விசாவுக்குக் காத்திருக்கிறார்கள்.

பிறகு ரூத்தின் முறை. அவள் அலுங்காமல் கேட்டாள். சாப்பாடு என்ன, யார் எங்கே படுத்தார்கள், மழை பெய்ததா. மனிதர் கொஞ்சம் இளகினார். படகு கவிழப் பார்த்த இரவைப் பற்றிக் கேட்டபோது இப்படிச் சொன்னார்:

"அண்டைக்குக் கொண்டல் சோழகமாப் பெயர்ந்திட்டுது. அணியத்தைக் காத்துக்கு நேர பிடிச்சிருக்காட்டி வள்ளம் கவிண்டிருக்கும்."

கோமதிநாயகத்தின் ஆங்கிலம் வந்தது: "அன்று காற்று பலமாக இருந்தது. படகு கவிழ்ந்திருக்கும்."

அதற்குள் நான் சொலேமானிடம் சொல்லி முடித்திருந்தேன். கீழ்க்காற்று தெற்காகத் திரும்பியது, படகின் முன்பக்கத்தைக் காற்றுக்கு நேரே பிடிக்காவிட்டால் கவிழ்ந்திருக்கும். பிறகு ஆங்கிலத்தில் வந்ததையும் சொன்னேன். இரண்டையும் கேட்ட சொலேமான் முன்னால் குனிந்து ரூத்தின் அங்கியைப் பிடித்து இழுத்தார்.

அவர் அவளிடம் பேசினால் நான்தான் ஆங்கிலமாக்க வேண்டும். ஆக்கினேன்.

"அடித்தட்டில் வாந்தி எடுத்துக் கிடந்தவனுக்குக் காற்று கிழக்கிலிருந்து தெற்குக்குத் திரும்பியது எப்படித் தெரியும்? எனக்கே தெரியவில்லை. நான் அடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஜெபம் செய்துகொண்டிருந்தேன்."

ரூத் என்னை முறைத்தாள். "கிழக்கு, தெற்கு என்று யார் சொன்னது? என் காதில் அது விழவில்லையே."

"நான் சொலேமான் சொல்வதை மொழிபெயர்க்கிறேன்," என்றேன்.

அவள் எழுந்து ஒலிப்பதிவை வேறொரு தமிழ் மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துச் சரிபார்க்க வேண்டும் என்று மனுச் செய்தாள். நீதிபதி ஏற்றார். திங்கள் வரை ஒத்திவைப்பு.

வெளியே கோமதிநாயகம் வழியை மறித்தார்.

"என்னங்க மேடம் இது? நீங்க இந்தோனேசியா. நான் தமிழ். என் பாத்திரத்துல நீங்க ஏன் கரண்டியை விடுறீங்க?"

"நான் உங்கள் ஆங்கிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை."

"பேசாமத்தான் பேசிட்டீங்களே! கொண்டல் சோழகம்னா எனக்கு என்னங்க தெரியும்? எங்க ஊர்ல காத்து வந்தா ஜன்னலைத் திறப்போம், அவ்வளவுதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. அவர் கெட்டவரில்லை. தெரியாததைத் தெரியாது என்று நீதிபதியிடம் சொல்லாமல் வழவழப்பாகக் கடந்துவிட்டார். இந்தத் தொழிலில் பாதிப் பேர் அப்படித்தான் பிழைக்கிறார்கள்.

மே 17, வியாழன்

ரூத் தொலைபேசியில் அழைத்தாள். "உனக்குத் தெரியும். அந்த ஆள் மீனவனா இல்லையா?"

"நான் மொழிபெயர்ப்பாளர். சாட்சி இல்லை."

"ஒரே ஒரு சொல்."

"அதற்கு நீ வேறு நிபுணரைத் தேடு." வைத்துவிட்டேன். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. பக்கம் சாய்ந்த மொழிபெயர்ப்பாளரின் வாயிலிருந்து வரும் உண்மையையும் எவரும் நம்ப மாட்டார்கள்.

சலவை யந்திரம் திருத்துபவன் வரவில்லை.

மே 18, வெள்ளி

ஒலிப்பதிவுச் சோதனை வந்துவிட்டதாம். நான் சொன்னபடியே.

மே 19, சனி

சந்தையில் லக்ஸா நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டுக் கடற்கரைக்கு நடந்தேன், காலுக்கு நல்லது என்பதற்காக. காற்று தென்கிழக்கு. எங்கள் வீட்டில் அப்பா இதற்கு ஒரு பெயர் சொல்வார். தம்பி கூரையில் ஏறி நின்று அதைக் கத்துவான். முகத்தை அந்தப் பக்கம் வைத்துச் சிறிது நேரம் நின்றிருந்தேன். வெயில் தணிந்திருந்தது, வேறு காரணமில்லை.

துணிகளைக் கையால் துவைத்தேன்.

மே 21, திங்கள்

நீளமான நாள். ஒழுங்காக எழுதுகிறேன்.

சரிபார்த்த மொழிபெயர்ப்பு நடுவர்களுக்கு வாசிக்கப்பட்டது. சவிரிமுத்து மறுபடியும் சாட்சிக் கூண்டில். ரூத் ஒரே கேள்வி கேட்டாள்: "அன்றிரவு அணியத்தைக் காற்றுக்கு நேரே பிடித்தது யார்?"

அவர் கைகளால் கூண்டின் விளிம்பைப் பற்றிக்கொண்டார்.

நீதிபதி நடுவர்களை வெளியே அனுப்பினார். பிறகு சாட்சியிடம் நிதானமாக விளக்கினார். இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் அது உங்கள்மீதே குற்றம் சுமத்தக்கூடும். ஆனால் நான் உங்களுக்கு ஒரு சான்றிதழ் தர முடியும். அதைத் தந்தால் இங்கே நீங்கள் சொல்லும் உண்மையை உங்களுக்கு எதிரான வழக்கில் எவரும் பயன்படுத்த முடியாது.

கோமதிநாயகம் இதைத் துல்லியமாக மொழிபெயர்த்தார். ஒரு சொல் விடவில்லை. புதன்கிழமைக்குப் பிறகு அவர் மிகவும் கவனமாக இருந்தார். "மாண்புமிகு நீதிபதி அவர்கள் தங்களுக்கு ஒரு சான்றிதழ் எழுதி வழங்குவார்கள்" என்றார்.

சவிரிமுத்துவின் முகம் கறுத்துவிட்டது.

"நான் ஒரு கடதாசியிலும் கையெழுத்து வைக்க மாட்டன்."

ஆங்கிலத்தில்: "நான் எந்தத் தாளிலும் கையெழுத்திட மாட்டேன்."

"யாரும் கையெழுத்துக் கேட்கவில்லையே," என்றார் நீதிபதி. "இது உங்கள் பாதுகாப்புக்கு."

"அப்பிடித்தான் சொல்லுவினம். வைக்க மாட்டன். என்னைக் கொண்டுபோய் முகாமில விடுங்கோ."

நீதிபதி இன்னொரு முறை விளக்கினார். அவர் இன்னொரு முறை மறுத்தார். சான்றிதழ் என்ற சொல் வரும்போதெல்லாம் பின்னால் ஓரடி வைத்தார். அரசுத் தரப்பு எழுந்து, சாட்சி பாதுகாப்பை மறுத்துவிட்டார், பதில் சொல்லக் கட்டாயப்படுத்த வேண்டாம், விட்டுவிடலாம் என்றது. நீதிபதி பேனாவை மூடினார். அந்தக் கேள்வி அத்துடன் செத்துப்போகும். சொலேமான் கப்டனாகவே இருப்பார்.

நான் எல்லாவற்றையும் சொலேமானுக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். "என்ன கையெழுத்து?" என்று அவர் கேட்டார். "நல்லதைத்தானே தருகிறார்கள். ஏன் பயப்படுகிறார்?"

அந்த அறையில் அந்தக் கேள்வியைக் கேட்டது அவர் ஒருவர்தான். அவர் கேட்டது என்னிடம். பதில் சொல்வது என் வேலை இல்லை.

எழுந்தேன்.

"நீதிபதி அவர்களே, நான் இந்தோனேசிய மொழிக்கு மட்டுமே சத்தியம் செய்தவள். இந்தச் சாட்சி சொன்னதில் எதையும் மொழிபெயர்க்கவோ விளக்கவோ எனக்கு அனுமதி இல்லை. ஆனால் நீதிமன்றம் அவரிடம் 'ஏன்' என்று இதுவரை கேட்கவில்லை."

அரசுத் தரப்பு வழக்கறிஞர் துள்ளி எழுந்தார். இது முறையற்றது, இதைப் பதிவுசெய்ய வேண்டும், இந்த மொழிபெயர்ப்பாளரைப் பற்றி முறையிடுவோம் என்றார். எல்லாம் நியாயமான பேச்சு. கோமதிநாயகம் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். ரூத் மட்டும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உட்காருங்கள்," என்றார் நீதிபதி. உட்கார்ந்தேன்.

அவர் மூடிய பேனாவை மறுபடி திறந்தார். பிறகு சாட்சியைப் பார்த்து, "ஏன்?" என்றார்.

சவிரிமுத்து முதலில் கோமதிநாயகத்தைப் பார்த்தார். பிறகு, என்ன நினைத்தாரோ, நீதிபதியைப் பார்த்தே தமிழில் பேசினார்.

"அம்மா, அங்கயும் உங்களுக்கு நல்லதுக்கு எண்டுதான் தந்தவை. சிங்களத்தில எழுதின கடதாசி. எனக்கு வாசிக்கத் தெரியாது. நானும் கையெழுத்து வைச்சன், அண்ணாவும் வைச்சார். அதில நாங்கள் குண்டு வைச்சதெண்டு எழுதியிருந்ததாம். என்னை அடிச்சுப்போட்டு விட்டிட்டினம். அண்ணா இன்னும் வரேல்லை."

கடைசி வாக்கியத்தைச் சொலேமானுக்குச் சொல்லத் தாமதமாகிவிட்டது. ஆங்கிலம்கூட எனக்கு முன்னால் முடிந்துவிட்டது. இருபது வருடத்தில் முதல் தடவை. ஒலிவாங்கியில் ஏதோ கோளாறு என்று நினைக்கிறேன்.

நீதிபதி தன் எழுத்தரிடம் ஒரு தாள் கேட்டு வாங்கினார்.

"இந்தத் தாளில் நீங்கள் கையெழுத்து வைக்க வேண்டாம். அதற்கு இதில் இடமே இல்லை. கையெழுத்து வைப்பது நான்."

"நீங்களோ?"

"நான்தான். வாக்குக் கொடுப்பது நான். ஆகவே கையெழுத்தும் என்னுடையது."

சவிரிமுத்து யோசித்தார். அவர் யோசிப்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அப்ப வையுங்கோ. நான் பாக்கிறன்."

கோமதிநாயகம் அதை மொழிபெயர்க்கும்போது "தயவுசெய்து" என்று ஒரு சொல்லைச் சேர்க்கப்போய், நிறுத்தி, சொன்னபடியே சொன்னார். அந்த இடத்தில் அவர்மீது எனக்கு மரியாதை வந்தது.

நீதிபதி எழுதினார். எழுதியதை வாசிக்கச் சொன்னார், கோமதிநாயகம் தமிழில் வாசித்தார், எளிய தமிழில். பிறகு நீதிபதி தாளைச் சாட்சி பார்க்கும்படி திருப்பிப் பிடித்து, அதிலே கையெழுத்திட்டார். ஒரு நீதிபதியை ஓர் அகதி அப்படி மேற்பார்வை பார்த்ததை நான் இதற்கு முன் கண்டதில்லை.

நடுவர்கள் திரும்பி வந்தார்கள். ரூத் அதே கேள்வியைக் கேட்டாள்.

"நான்தான் பிடிச்சனான். அவங்கட கப்டன் ஓடிப்போன நேரத்திலயிருந்து நான்தான். முல்லைத்தீவில எங்களுக்கு வள்ளம் இருந்தது. தையல் தெரியாது, ஊசியில நூல் கோர்க்கவும் தெரியாது. இந்தப் பெடியன் பாவம், சமையல். அவனுக்குக் கடல் கண்ணில காட்டக் கூடாது."

சொலேமான் தன்னைப் பற்றிய கடைசி வாக்கியத்தைக் கேட்டுவிட்டுக் கோபமாக, "நான் அவ்வளவு மோசமில்லை," என்றார். நான் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை. யாரும் கேட்கவில்லை.

மே 22, செவ்வாய்

காலையில் மொழிபெயர்ப்பாளர் முகவர் அலுவலகத்திலிருந்து அழைப்பு. முறைப்பாடு வந்திருக்கிறது, விசாரணை முடியும்வரை புதிய வழக்குகளுக்கு என்னை அழைக்க மாட்டார்கள்.

"சரி," என்றேன். "காது மந்தமானவரை வைத்துச் சமாளியுங்கள்."

மன்னிப்புக் கேட்டு எழுதினால் சீக்கிரம் முடியும் என்றாள் அந்தப் பெண். எதற்கு மன்னிப்பு என்று சொன்னால் எழுதுகிறேன் என்றேன். அவளுக்குத் தெரியவில்லை.

நீதிமன்றத்தில் நடந்தது சில நிமிடங்கள்தான். அரசுத் தரப்பு கப்டன் குற்றச்சாட்டை மீளப் பெற்றது. நடுவர்களுக்கு நன்றி சொல்லி அனுப்பினார்கள். நான் சொலேமானுக்குச் சொன்னேன்: வழக்கு முடிந்தது, இனிக் குடிவரவுத் துறை உங்களை ஊருக்கு அனுப்பும். அவர் தலையை ஆட்டினார். பிறகு, "மறுபடி சொல்லுங்கள் இபு, அவசரமில்லாமல்," என்றார். சொன்னேன்.

கோமதிநாயகம் விமானத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "முறைப்பாட்டுல என்கிட்ட கேட்டா, நீங்க செஞ்சது தப்புன்னுதான் சொல்லுவேன் மேடம்," என்றார். "விதி விதிதானே. ஆனா எனக்கு அந்தக் கேள்வி தோணவே இல்லைன்னும் சொல்லுவேன்."

"அது போதும்," என்றேன்.

வாசலில் குடிவரவுத் துறையின் வான் நின்றது. சொலேமானையும், தன் சான்றிதழின் பிரதியை வாங்க வந்திருந்த சவிரிமுத்துவையும் ஒரே வண்டியில் முகாமுக்குக் கொண்டுபோகிறார்கள். இப்போது இருவரும் ஒரே துறையின் ஆட்கள். ஆசனப்பட்டி போடச் சொல்லுங்கள் என்று காவலர் என்னைக் கூப்பிட்டார்.

எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள். படகில் எத்தனையோ நாள் ஒன்றாக இருந்தவர்கள். ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

"அக்கா," என்றார் சவிரிமுத்து, நான் தமிழில் பேசியதை அவர் கேட்டதே இல்லை என்றாலும். "இனி என்னை என்ன செய்வினம்?"

"தெரியாது. அந்தத் தாள் உங்களுக்கு எதிராக வழக்கு வராமல் பார்த்துக்கொள்ளும். விசாவைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. நல்ல வழக்கறிஞரைப் பிடியுங்கள். ரூத்திடம் பெயர் கேட்டு அனுப்புகிறேன்."

"ம்." அவர் ஏமாந்ததாகத் தெரியவில்லை. இவ்வளவுதான் கிடைக்கும் என்று கணக்குப் போட்டே பேசியிருக்கிறார்.

சொலேமான் பொறுமையிழந்தார். "இபு, எனக்காக ஒன்று கேளுங்கள். சோறு உப்பாகவா இருந்தது?"

"என்ன சோறு?"

"குடிதண்ணீர் தீர்ந்துகொண்டே வந்தது. பாதிக்குக் கடல்தண்ணீர் ஊற்றித்தான் பொங்கினேன். எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்வதென்றாலும் எனக்குப் புரியாதே. அன்றிலிருந்து கேட்க வேண்டும் என்று இருக்கிறேன்."

நீதிமன்றம் கலைந்துவிட்டது. எந்தச் சத்தியமும் இதைக் கட்டுப்படுத்தாது. கேட்டேன்.

சவிரிமுத்து சொலேமானை மேலும் கீழும் பார்த்தார். "உப்போ? சொல்லுங்கோ அக்கா, நான் எதுக்கு இரவு பகலாச் சுக்கானை விடாமல் பிடிச்சுக்கொண்டு நிண்டனான் எண்டு நினைக்கிறார்? விட்டிட்டு வந்தால் இன்னொரு கோப்பை சோறு போட்டுத் தந்திடுவார் எண்ட பயத்திலதான்."

சொன்னேன். சொலேமான் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். சவிரிமுத்துவும் சிரித்தார், காதுத் தழும்பு சிவக்கச் சிவக்க. சிரித்து முடிந்தபின் சொலேமான் அவரிடம் கையை நீட்டினார். அவர் அதைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை.

காவலர் கதவைச் சாத்த வந்தார். என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று என்னிடம் கேட்டார்.

"சாப்பாட்டைப் பற்றி," என்றேன்.